மாதம் 454 டொலர் கட்ட முடியவில்லை: வங்குரோத்தில் விதித்த தொகையை எதிர்த்துக் கேட்பது எப்படி?

கேள்வி: கனடாவில், ஸ்காபரோவில் குடும்பத்தோடு வசிக்கிறேன். கடனட்டைகளும் ஒரு சிறு வியாபார நட்டமும் சேர்ந்து சுமையாகி, 2024 மே மாதம் முதல் தடவையாக வங்குரோத்துப் பதிந்தேன். இப்போது நான்காவது மாதம். தொழிற்சாலை வேலையில் இரண்டு கிழமைக்கு ஒரு தடவை 1,915 டொலர் கைக்கு வருகிறது, ஓவர்டைமும் அதற்குள் அடக்கம். மனைவி பகுதிநேர வேலை செய்து மாதம் 1,900 டொலர் கொண்டு வருகிறார். இரண்டு பிள்ளைகள். ஸ்பொன்சரில் வந்த என் அம்மாவும் எங்களோடுதான், அவருக்கு வருமானம் எதுவும் இல்லை. டேகேருக்கு மாதம் 560, என் நீரிழிவு மருந்துகளுக்குக் காப்புறுதி போக 140, வாடகை 2,400, யாழ்ப்பாணத்தில் இருக்கும் மாமா மாமிக்கு 300 என்று போகிறது. என் வங்குரோத்தை நிர்வகிக்கும் ட்ரஸ்டியோ மாதம் 454 டொலர் வீதம் 21 மாதம் கட்ட வேண்டும் என்கிறார். இதைக் குறைக்கச் சொல்லிக் கேட்கலாமா? மனைவி வங்குரோத்து ஆகவில்லையே, அவருடைய சம்பளத்தை ஏன் கேட்கிறார்கள்? கட்டாமல் விட்டால் தானாகக் குறைப்பார்கள் என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். அது சரியா?

பதில்:

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில்தான் பெரிய ஆபத்து இருக்கிறது. கட்டுவதை நிறுத்தாதீர்கள். விதித்த மேலதிக வருமானத் தொகையை, அதாவது எல்லைக்கு மேற்பட்ட வருமானத்துக்காகக் கேட்கும் இந்த 454-ஐ, கட்டாமல் இருப்பது, வங்குரோத்திலிருந்து நீங்கள் விடுபடுவதை (விடுவிப்பை) ட்ரஸ்டி எதிர்ப்பதற்குச் சட்டம் பெயர் சொல்லிக் குறிப்பிடும் ஒரு காரணம். எதிர்ப்புப் பதிவானதும் தானாக வர வேண்டிய விடுவிப்பு நின்றுவிடும். பிறகு நீதிமன்றத்தில் நின்று, 'இவ்வளவு கட்டினால்தான் விடுவிப்பு' என்ற நிபந்தனைக் கட்டளையைப் பெற்றுக்கொண்டு வெளியே வர நேரலாம். தொகை பிழை என்று நினைத்தால், பிழையில்லை என்று நீங்களே ஒப்புக்கொள்ளும் பகுதியை மாதா மாதம் கட்டிக்கொண்டு, மிச்சத்தை எழுத்தில் எதிர்த்துக் கேளுங்கள். அப்படிக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. உங்கள் கணக்கைப் பார்த்தால், கேட்பதற்கு நல்ல காரணங்களும் இருக்கின்றன.

இந்த 454 எங்கிருந்து வந்தது? ட்ரஸ்டி மனம்போன போக்கில் போட்ட தொகை அல்ல இது. கனடாவின் வங்குரோத்து, கடன்தீர்வுச் சட்டத்தின் 68-ஆம் பிரிவும், வங்குரோத்துக் கண்காணிப்பாளர் வெளியிட்ட 11ஆர்2 பணிப்புரையும் ஒரு சூத்திரம் தந்திருக்கின்றன. குடும்பத்தில் எத்தனை பேர் என்பதைப் பொறுத்து ஒரு மாத வருமான எல்லை உண்டு. 2024-இல் தனி ஆளுக்கு 2,543 டொலர், நான்கு பேருக்கு 4,726, ஐந்து பேருக்கு 5,360. விலைவாசியோடு சேர்ந்து இந்த எல்லைகள் ஆண்டுதோறும் மாறும். வீட்டு வருமானம் எல்லையை 200 டொலருக்குக் குறையாமல் தாண்டினால், தாண்டிய தொகையில் பாதி கணக்கில் வரும். அந்தப் பாதியிலும், வீட்டு வருமானத்தில் உங்கள் பங்கு எத்தனை வீதமோ அத்தனை வீதத்தை மட்டும் நீங்கள் கட்ட வேண்டும்.

உங்கள் எண்களை இதில் போட்டுப் பார்ப்போம். இரண்டு கிழமைச் சம்பளம் 1,915-ஐ 26-ஆல் பெருக்கி 12-ஆல் வகுத்தால் மாதம் ஏறத்தாழ 4,150. மனைவியின் 1,900-ஐச் சேர்த்தால் 6,050. நான்கு பேருக்கான 4,726-ஐக் கழித்தால் 1,324, அதில் பாதி 662. வீட்டு வருமானத்தில் உங்கள் பங்கு 68.6 வீதம். 662-இல் 68.6 வீதம்தான் அந்த 454. ஆக, ட்ரஸ்டி கணக்கைப் பிழையாகப் போடவில்லை. கணக்கில் போட்ட விவரங்கள்தான் குறைபாடானவை: வீட்டில் நான்கு பேர் என்று எடுத்திருக்கிறார், டேகேரையும் மருந்தையும் கழிக்கவில்லை.

மனைவியின் சம்பளம் பற்றிய கேள்விக்கும் இதே கணக்கில் பதில் இருக்கிறது. அவருடைய சம்பளத்திலிருந்து ஒரு சதமும் எடுக்கப்படுவதில்லை. ஆனால் குடும்பத்துக்கு உள்ள எல்லையின் பயனை நீங்கள் பெறுவதால், குடும்ப வருமானமும் கணக்கில் வர வேண்டியிருக்கிறது. அவருடைய பங்கான 31.4 வீதம் பிறகு கழிந்துபோகிறது. ஆகவே அவருடைய பே ஸ்டப்பையும் (சம்பளச் சீட்டையும்) மறைக்காமல் கொடுங்கள்.

பலர் ட்ரஸ்டியிடம் போய் வாடகை இவ்வளவு, கார் லோன் இவ்வளவு, காப்புறுதி இவ்வளவு என்று செலவுப் பட்டியலை நீட்டுவார்கள். ட்ரஸ்டி தலையசைப்பார், தொகை மாறாது. வாடகை, சாப்பாடு, கார், தொலைபேசி எல்லாம் அந்த எல்லைத் தொகைக்குள்ளேயே அடங்கிவிட்டதாகத்தான் சூத்திரம் கருதுகிறது. ரொறன்ரோவில் 2,400 டொலர் வாடகை கொடுப்பவருக்கும் சிறு நகரத்தில் 1,100 கொடுப்பவருக்கும் எல்லை ஒன்றுதான். இது பெரு நகரத்தில் வாழ்பவர்களுக்கு அநீதி என்பதுதான் என் கருத்து. ஆனால் அந்த வாதத்தை வைத்துக்கொண்டு ட்ரஸ்டியின் மேசையில் வெல்ல முடியாது. வெல்லக்கூடிய இடங்கள் மூன்று: குடும்பத்தில் எத்தனை பேர், உண்மையான சராசரி வருமானம் எவ்வளவு, சட்டம் கழிக்க விடும் செலவுகள் எவை.

முதலாவது, ஆள் எண்ணிக்கை. உங்கள் அம்மா உங்களோடு வாழ்கிறார், உங்கள் உழைப்பில் வாழ்கிறார், தனி வருமானம் இல்லை. அவரைச் சேர்த்தால் வீட்டில் ஐந்து பேர். இந்த ஒரு திருத்தமே கணக்கை எவ்வளவு மாற்றுகிறது பாருங்கள்: 6,050-இல் 5,360 போக 690, பாதி 345, உங்கள் பங்கு 237 டொலர். ஏன் விடுபட்டிருக்கும்? பெரும்பாலும் காரணம் தொடக்கத்திலேயே இருக்கும். வங்குரோத்துப் பதிந்த அன்று நீங்கள் கையெழுத்திட்ட 79-ஆம் இலக்கப் படிவத்தில் குடும்பத்தில் எத்தனை பேர் என்ற கேள்வி உண்டு. 'நான், மனைவி, பிள்ளைகள்' என்று வாய்வழக்கில் சொன்னது அப்படியே நான்கு என்று ஏறியிருக்கலாம். அந்தப் படிவத்தின் பிரதியை எடுத்துப் பாருங்கள். அங்கே நான்கு என்றிருந்தால், ஏன் அப்படி எழுதப்பட்டது என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரியில் விளக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் புதிதாக ஒருவரைக் கொண்டுவந்து சேர்ப்பதுபோலத் தோன்றும். அம்மா இங்கேதான் வசிக்கிறார் என்பதற்கு ஸ்பொன்சர்ஷிப் உறுதிமொழிப் பத்திரம், அவருடைய வரிப் பதிவு மதிப்பீட்டுக் கடிதம், உங்கள் விலாசம் உள்ள ஓஹிப் (ஒன்ராறியோ மருத்துவக் காப்புறுதி) அட்டை அல்லது வங்கிக் கடிதம் ஆகியவற்றைக் கொடுங்கள். அம்மாவுக்கு ஏதாவது சிறு வருமானம் வந்தால் அதையும் சொல்ல வேண்டும். ஆளைச் சேர்த்துவிட்டு அவருடைய காசை மறைத்தால், பிடிபடும் நாளில் மற்ற எல்லாவற்றிலும் உங்கள் சொல் எடுபடாது.

யாழ்ப்பாணத்துக்கு அனுப்பும் 300 டொலரை இதோடு கலக்காதீர்கள். கழிக்கக்கூடிய செலவுகளின் பட்டியலில் உறவினருக்கு அனுப்பும் காசு இல்லை. மாமா மாமி முழுவதும் உங்களை நம்பியே வாழ்கிறார்கள் என்றால், அவர்களும் உங்கள் குடும்ப அலகில் அடக்கம் என்று வாதிட இடமுண்டு. அதற்கு ஒழுங்கான பணமாற்றுப் பற்றுச்சீட்டுகள் வேண்டும், வங்கியைத் தவிர்த்து ஆள்வழியாக, உண்டியலில் அனுப்பியதற்கு எந்தச் சான்றும் இராது. அம்மாவின் விஷயம் பலமானது, இது பலவீனமானது. இரண்டையும் ஒரே மூச்சில் வைத்தால் பலமானதும் சந்தேகத்துக்கு உள்ளாகும். ட்ரஸ்டியோடு உடன்பாடு வராமல், கீழே சொல்லும் மத்தியஸ்தம்வரை போக நேர்ந்தால் அங்கே குடும்ப நிலையின் ஒரு பகுதியாக எடுத்துச் சொல்லுங்கள்.

இரண்டாவது, கழிக்கக்கூடிய செலவுகள். பணிப்புரை இவற்றை விருப்பத்துக்கு உட்படாத செலவுகளாகப் பார்க்கிறது: பிரிந்து வாழ்பவர் கட்டும் பிள்ளைப் பராமரிப்புப் படியும் வாழ்க்கைத்துணைக்கான படியும், டேகேர் செலவு, நோய் தொடர்பான செலவு, நீதிமன்றம் விதித்த தண்டம், வேலைக்கு நிபந்தனையாக நீங்களே செய்ய வேண்டியதும் வருமான வரிச் சட்டம் அனுமதிப்பதுமான செலவு, இன்னும் சில. உங்களுக்குப் பொருந்துபவை டேகேரும் மருந்தும். இரண்டும் சேர்ந்து 700 டொலர். இந்தத் தொகை வருமானத்திலிருந்து முதலிலேயே கழிய வேண்டும். கழித்தால் உங்கள் பக்கம் 3,450, மனைவியின் பக்கம் 1,900, மொத்தம் 5,350. வீட்டில் நான்கு பேர் என்றே வைத்தாலும் மேலதிகம் 624, பாதி 312, உங்கள் பங்கு ஏறத்தாழ 201 டொலர். அம்மாவையும் சேர்த்து ஐந்து பேர் என்றால் 5,350 என்பது 5,360-க்குக் கீழே நிற்கிறது. மேலதிக வருமானமே இல்லை.

இந்தக் கழிவுகளுக்குப் பற்றுச்சீட்டுத்தான் உயிர். டேகேர் நிலையம் தரும் மாதப் பற்றுச்சீட்டு வேண்டும், 'பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கையில் கொடுக்கிறோம்' என்பது நிற்காது. மருந்தகத்தில் கேட்டால் கடந்த மாதங்களின் முழுப் பட்டியலையும் ஒரே தாளில் அச்சிட்டுத் தருவார்கள், அதில் காப்புறுதி கட்டியது எவ்வளவு, நீங்கள் கட்டியது எவ்வளவு என்று பிரிந்தே இருக்கும். சர்க்கரை அளக்கும் பட்டைகளையும் ஊசிகளையும் மறக்காதீர்கள், நோய்க்கென்று வாங்குபவை எல்லாம் சேரும். வைத்தியரிடம் இரண்டு வரிக் கடிதம் ஒன்று வாங்கி வைத்தால் கேள்வியே எழாது.

மூன்றாவது, வருமானம். இரண்டு கிழமைச் சம்பளக்காரர்களுக்கு இங்கே இரண்டு பக்கமும் பிழை நடக்கும். 'எனக்கு மாதம் 3,830தானே' என்று நீங்கள் நினைக்கலாம், ஆனால் ஆண்டில் இரண்டு மாதங்களில் மூன்று சம்பளம் விழும், ஆகவே சராசரி 4,150 என்பது சரி. மறுபுறம், மூன்று சம்பளம் விழுந்த மாதத்தை மட்டும் எடுத்து அதுவே வழக்கம் என்று கணக்குப் போட்டிருந்தால் அது உங்களுக்கு அநியாயம். ஓவர்டைமும் அப்படித்தான். கோடையில் வேலை குவிந்து, குளிர்காலத்தில் நாற்பது மணிநேரத்தோடு நிற்கும் தொழிற்சாலையானால், முதல் இரண்டு மாதத்தின் பே ஸ்டப்பை வைத்து 21 மாதத்துக்கும் தொகை குறிப்பது உண்மை நிலையைக் காட்டாது. ஓவர்டைம் நிரந்தரமில்லை என்று வேலைத்தலத்திலிருந்து ஒரு கடிதமும் சென்ற ஆண்டின் பே ஸ்டப்களும் கேட்டு எடுங்கள். பே ஸ்டப்பில் கழிவுகளையும் வரி வரியாகப் பாருங்கள். வருமான வரி, ஓய்வூதியத் திட்டம், வேலையிழப்புக் காப்புறுதி, தொழிற்சங்கச் சந்தா ஆகியவை கழிந்த பிறகு வருவதுதான் உங்கள் வருமானம். நீங்களாக விரும்பிப் போடும் ஓய்வுச் சேமிப்பைக் கழிவாக ஏற்கமாட்டார்கள், அதைத் திரும்பக் கூட்டிவிடுவார்கள். மாதப் படிவத்தில் பிள்ளைகளுக்கான அரச படிக்குத் தனி வரிசை உண்டு. உங்கள் பக்கமும் மனைவியின் பக்கமுமாக அது இரண்டு தடவை ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள், குடும்பங்களில் இந்தத் தவறு நேர்வதுண்டு.

454-ஐவிடப் பெரிய விஷயம் காலம். முதல் தடவை வங்குரோத்தில், மேலதிக வருமானம் இல்லையென்றால் 9 மாதத்தில் தானாக விடுவிப்பு. இருந்தால் 21 மாதம். அந்தப் பன்னிரண்டு மாதமும் மாத அறிக்கை, பே ஸ்டப், கட்டணம், கடன் பெறுவதில் தடை எல்லாம் கூடவே நீளும். ஆகவே உங்கள் எதிர்ப்பு எழுத்தில் போய்ச் சேர வேண்டிய காலம், ட்ரஸ்டி விடுவிப்புக்கான அறிக்கையைத் தயாரிப்பதற்கு முன். 9-ஆம் மாதம் முடிவதற்கு முன்பே அந்த அறிக்கை போய்விடும். நீங்கள் நான்காவது மாதத்தில் இருப்பது நல்ல காலம். ஆறாம் மாதத்துக்குள் இதை முடித்துக்கொள்ளப் பாருங்கள்.

இனி செய்ய வேண்டியது. முதலில் ட்ரஸ்டிக்கு மின்னஞ்சல் ஒன்று அனுப்பி, மேலதிக வருமானத்தைக் கணக்கிட்ட தாளையும், அதற்கு அடிப்படையான 65-ஆம் இலக்க மாத வருமானச் செலவுப் படிவங்களையும் கேளுங்கள். தொலைபேசியில் கதைத்தால் மட்டும் போதாது. தாள் வந்ததும் மூன்று எண்களைப் பாருங்கள்: எத்தனை பேர், எந்த ஆண்டின் எல்லை, விருப்பத்துக்கு உட்படாத செலவு வரிசையில் என்ன எழுதியிருக்கிறது. அந்த வரிசை வெறுமையாக இருந்தால் ட்ரஸ்டியை மட்டும் குறை சொல்ல முடியாது. டேகேரைப் பொதுச் செலவுகளோடு சேர்த்து எழுதிவிடுவது மாதா மாதம் படிவம் நிரப்புபவர்கள் செய்யும் வழக்கமான பிழை. உங்கள் நான்கு மாதப் படிவங்களிலும் அப்படியானால், திருத்திய படிவங்களையே இணைத்துக் கொடுங்கள்.

பிறகு மறுகணிப்புக் கடிதம். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். துயரக் கதையைத் தவிர்த்து எண்களை வையுங்கள்: 'என் குடும்பத்தில் ஐந்து பேர், நான்கு அல்ல. சான்று இணைப்பு 1. டேகேருக்கு மாதம் 560 டொலர், மருந்துக்கு 140 டொலர் கழிக்கப்படவில்லை. சான்று இணைப்பு 2, 3. இவற்றைச் சேர்த்தால் கிடைக்கும் குடும்ப வருமானம் 5,350 டொலர், ஐந்து பேருக்கான எல்லை 5,360 டொலர். 68-ஆம் பிரிவின்படி என் தொகையை மறுகணிப்புச் செய்யக் கேட்கிறேன். உடன்பட முடியாவிட்டால், இதை மத்தியஸ்தத்துக்கு அனுப்பும்படி கேட்கிறேன்.' இந்தக் கடைசி வசனத்தை விட்டுவிடாதீர்கள். தொகையில் ட்ரஸ்டியும் நீங்களும் உடன்படாவிட்டால், தாமதமின்றி மத்தியஸ்தத்துக்கு அனுப்ப வேண்டிய கடமை ட்ரஸ்டிக்கு உண்டு. அவருடைய விருப்பத்துக்கு விட்ட விஷயம் இல்லை அது. ஆங்கிலத்தில் எழுதச் சிரமமானால் பிள்ளைகளிடமோ சமூக சட்ட உதவி நிலையத்திலோ உதவி கேளுங்கள், ஆனால் எண்களை நீங்களே சரிபாருங்கள்.

உங்கள் விஷயத்தில் பெரும்பாலும் இந்தக் கடிதத்தோடு முடிந்துவிடும் என்று நினைக்கிறேன். பற்றுச்சீட்டோடு வரும் திருத்தத்தை மறுக்க ட்ரஸ்டிக்குக் காரணம் இல்லை. நிலைமையில் குறிப்பிடத்தக்க மாற்றம் தெரியவந்தால் மறுபடி கணிப்பதும் அவருடைய கடமை.

மத்தியஸ்தம்வரை போனால், அதை நடத்துவது வங்குரோத்துக் கண்காணிப்பாளர் அலுவலகத்தின் அதிகாரி. தொலைபேசி வழியாகவும் நடக்கும். அவர் தீர்ப்புச் சொல்லமாட்டார், இரு தரப்பையும் உடன்பாட்டுக்குக் கொண்டுவரப் பார்ப்பார். குடும்பத்தின் தனி நிலைமையை எடுத்துச் சொல்ல ஏற்ற இடம் இதுதான். தமிழில் கதைப்பதுதான் வசதி என்றால் மொழிபெயர்ப்பாளர் பற்றி முன்கூட்டியே கேளுங்கள். உடன்பட்டுக் கையெழுத்திட்டால் அது உங்களைக் கட்டுப்படுத்தும். ஆகவே கட்ட முடியாத தொகைக்கு, கூட்டம் முடிந்தால் போதும் என்று தலையாட்டாதீர்கள். இன்னொன்றும் தெரிந்திருங்கள்: தொகை போதாது என்று உங்களுக்குக் கடன் கொடுத்தவரும் மத்தியஸ்தம் கேட்கலாம்.

அங்கேயும் உடன்பாடு இல்லையென்றால் நீதிமன்றம் தொகையை நிர்ணயிக்கும். ஒன்ராறியோவில் அது உயர் நீதிமன்றம். வழக்கமாக ட்ரஸ்டியே விண்ணப்பிப்பார். நீதிமன்றம் ஒரு தொகையைக் கட்டளையிட்ட பிறகும், வேலை போனால் அல்லது நிலைமை மாறினால் அந்தக் கட்டளையைத் திருத்தக் கேட்கலாம். இதைவிட, ட்ரஸ்டியின் எந்த முடிவினால் பாதிக்கப்பட்டவரும் 37-ஆம் பிரிவின் கீழ் நேரடியாக நீதிமன்றம் போகலாம். கடிதத்துக்குப் பதிலே வரவில்லை, மத்தியஸ்தத்துக்கும் அனுப்ப மறுக்கிறார் என்றால் மட்டும் அந்த வழியை யோசியுங்கள், செலவு பிடிக்கும் வழி அது. அதற்கு முன் கண்காணிப்பாளர் அலுவலகத்தில் முறைப்பாடு செய்யலாம்.

மேலதிக வருமானம் பூச்சியம் என்று முடிவானாலும் மாதக் கட்டணம் பூச்சியமாகும் என்று எண்ணிவிடாதீர்கள். ட்ரஸ்டியின் கட்டணத்துக்கென்று தனியாக ஓர் ஒப்பந்தம் செய்ய வேண்டி வரலாம். அதற்குச் சட்டத்தில் உச்ச வரம்பு உண்டு. இவ்வளவு நாளும் கட்டியது எந்தக் கணக்கில் சேரும், ஒப்பந்தத் தொகை எவ்வளவு, எப்போது முடியும் என்பதை அப்போதே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஐந்து பேர் கணக்கில் உங்கள் வீட்டு வருமானம் எல்லைக்கு 10 டொலர் கீழேதான் நிற்கிறது. மேலதிகம் 200 டொலரைத் தொடும்வரை கட்டணம் இல்லை என்பதால், சராசரி இன்னும் 200 டொலர் அளவுக்குக் கூடினாலும் பாதிப்பு இல்லை. அதைத் தாண்டினால் 21 மாதக் கணக்கு மறுபடி திறக்கும். ஓவர்டைம் கூடினாலும் மனைவிக்கு முழுநேர வேலை கிடைத்தாலும் அந்த மாதப் படிவத்திலேயே காட்டுங்கள். கையில் வாங்கும் காசு வேலையும் வருமானம்தான், அதை மறைப்பது குற்றம்.

அம்மாவை ஏற்க மறுத்து, தொகை 200 அளவில் நின்று, 21 மாதமும் தவிர்க்க முடியாது என்று வந்தால், வங்குரோத்துக்குள் இருந்துகொண்டே கன்சியூமர் புரொபோசல் (கடன் கொடுத்தவர்களோடு செய்யும் தவணை ஒப்பந்தம்) போட முடியுமா என்று ட்ரஸ்டியிடம் கேளுங்கள். வீட்டுக்கடன் நீங்கலாகக் கடன் 250,000 டொலருக்கு மேற்படாதவர்களுக்கான வழி அது. ஐந்து ஆண்டுவரை தவணை போடலாம், பிறகு வருமானம் கூடினாலும் தொகை கூடாது. 454 டொலர் 21 மாதத்துக்கு என்றால் ஏறத்தாழ 9,530 டொலர். அதே தொகை 60 மாதமாகப் பிரிந்தால் மாதம் 159. ஆனால் கடன் கொடுத்தவர்கள் வாக்களித்து ஏற்க வேண்டும், வங்குரோத்தில் கிடைப்பதைவிடக் கூடக் கிடைத்தால்தான் ஏற்பார்கள். மறுகணிப்பில் உங்கள் தொகை குறைந்துவிட்டால், அவர்களுக்கு நீங்கள் காட்ட வேண்டிய தொகையும் குறையும். ஆகவே புரொபோசலைப் பற்றிக் கதைப்பதற்கு முன் மறுகணிப்புக் கடிதத்தைக் கொடுத்துவிடுங்கள்.